கல்லீரலில் ஒரு கட்டி தெரிகிறது: அரிய தீங்கற்ற கட்டிகளை அல்ட்ராசவுண்டில் அடையாளம் காணும் முறை

ஸ்கேன் பழகும் முதல் சில மாதங்களில், கல்லீரலுக்குள் வெளுப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் கை தானாகவே ‘ஹீமாஞ்சியோமா’ (இரத்தக் குழாய்களால் ஆன கட்டி) என்று எழுதிவிடும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். தீங்கற்ற திடக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது அதுதான். சிக்கல் மீதியில் இருக்கிறது. ஆஞ்சியோமயோலைப்போமா, அடினோமா, பித்தநாள ஹமார்ட்டோமா, சிலியா கொண்ட முன்குடல் நீர்க்கட்டி, அழற்சிப் போலிக்கட்டி, பெலியோசிஸ் எனத் தனித்தனியாக எடுத்தால் எல்லாமே அரிது. ஆனால் நாள்தோறும் வயிற்று ஸ்கேன் செய்பவரின் திரையில் இவற்றில் ஏதோ ஒன்று எப்போதாவது வந்தே தீரும்.

அரிய பெயரைக் கண்டுபிடித்துச் சொல்வதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. அந்த மகிழ்ச்சிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஆபத்தான பெயரை விலக்குவது. கீழே சொல்லும் ஒழுங்கு முழுவதும் அதற்காகத்தான். அதைத் தலைகீழாக மாற்றிச் செய்தால், நன்றாகப் படித்தவரும் தவறுவார்.

புரோபைத் தொடும் முன்

நோயாளி ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வந்திருக்க வேண்டும். வழக்கமான மாத்திரைகளைக் கொஞ்சம் தண்ணீருடன் விழுங்கலாம். வயிறு காலியாக இருந்தால் வாயு குறையும், பித்தப்பை நிறைந்திருக்கும். கல்லீரலை எட்டுப் பிரிவுகளாக எண்ணிட்டுச் சொல்வது வழக்கம். பித்தப்பை சுருங்கியிருந்தால் அதை ஒட்டிய நான்காம், ஐந்தாம் பிரிவுகளில் எல்லை எது என்றே குழம்பிப்போகும்.

ஜெல் தடவும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்விகள் உண்டு. இதற்கு முன் எந்த உறுப்பிலாவது புற்றுநோய் இருந்ததா? ஹெபடைட்டிஸ் பி, சி, மதுப்பழக்கம், நீண்ட நாள் கல்லீரல் நோய் ஏதாவது உண்டா? பெண் என்றால் கருத்தடை மாத்திரை எத்தனை ஆண்டுகளாக? உடற்பயிற்சிக்காக அனபாலிக் ஸ்டீராய்டு எடுத்ததுண்டா? கடைசிக் கேள்வியை நேராகவே கேளுங்கள். ‘ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா’ என்ற பொதுக் கேள்விக்கு அது பதிலாக வராது. ஆனால் அடினோமா, பெலியோசிஸ் இரண்டையும் நினைக்கவைக்கும் தகவல் அதுதான். வலிப்புடன் முகத்தில் சிறு சிறு பருக்கள் போன்ற கட்டிகள் உள்ளவருக்கு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய் இருக்கலாம். அவருடைய கல்லீரலில் தெரியும் வெள்ளைக் கட்டியை ஆஞ்சியோமயோலைப்போமா என்று சந்தேகிக்க அது போதும்.

பழைய ஸ்கேன் இருந்தால் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டுக்கு முன் 18 மி.மீ., இன்றும் 18 மி.மீ. என்பது எந்த டாப்ளரையும் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் முறை) விட வலுவான சான்று.

முதலில் கல்லீரல், பிறகு கட்டி

வளைந்த முகம் கொண்ட புரோபை (உடலில் வைத்து நகர்த்தும் ஒலிக்கருவி) 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸில் வைத்து, ஆழத்தை 15 முதல் 18 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். ஹார்மானிக் இமேஜிங் இயங்கட்டும். ஆழத்துக்கேற்ற கெயின் (எதிரொலியின் பிரகாசம்) தள்ளுபட்டைகளைச் சரிசெய்து, மேலிருந்து கீழ்வரை கல்லீரல் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும்படி வையுங்கள். கட்டி கிடைத்த பிறகு ஃபோகஸை அதன் மட்டத்துக்கு நகர்த்துங்கள். ஃபோகஸ் மேலேயே நின்றுவிட்டால் 6 மி.மீ. நீர்க்கட்டிகூடத் திடக் கட்டி போலத் தெரியும்.

மல்லாந்த நிலையில் விலா எலும்புக்குக் கீழிருந்தும், இடப்பக்கம் திரும்பி வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிய நிலையில் விலா இடைவெளிகள் வழியாகவும் பாருங்கள். ஆழமாக மூச்சிழுத்து நிறுத்தச் சொன்னால் கல்லீரல் கீழிறங்கும். பழகுபவர்கள் வழக்கமாகத் தவறவிடும் இடங்கள் நான்கு: உதரவிதானத்தை ஒட்டிய ஏழு, எட்டாம் பிரிவுகளின் உச்சி, இடது மடலின் கடைசி விளிம்பு, ஆறாம் பிரிவின் கீழ்நுனி, காடேட் மடல். உச்சியைப் பார்க்க விலா எலும்புக்கு அடியில் புரோபைச் சாய்த்து, திரையில் உதரவிதானம் முழு வளைவாகத் தெரியும்வரை மேல்நோக்கித் திருப்ப வேண்டும். இதயம் திரையில் துடிப்பது தெரிந்தால் போதுமான அளவு திரும்பியிருக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்து கல்லீரலின் நிறம். வலது சிறுநீரகப் புறணியோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் கல்லீரல் தெளிவாக வெளுத்திருந்தால் கொழுப்புக் கல்லீரல். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெளுப்பு, கறுப்பு என்று நாம் சொல்வதெல்லாம் சுற்றியுள்ள கல்லீரலோடு ஒப்பிட்டுத்தான். பின்னணி மிக வெளுத்துவிட்டால், இயல்பான கல்லீரலில் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டிய ஹீமாஞ்சியோமா கறுப்பாகத் தெரியும். புத்தகப் படத்தை அப்படியே எதிர்பார்ப்பவர் அதைப் புற்றுநோய் என்று எழுதுவார்.

பிறகு 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் லீனியர் புரோபை எடுத்துக் கல்லீரலின் முன்பரப்பைப் பாருங்கள். உறையின் கோடு மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். அது கரடுமுரடாக, சிறு மேடுபள்ளங்களோடு இருந்தால் சிரோசிஸை (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) நினைக்க வேண்டும். அப்படிப்பட்ட கல்லீரலில் 1 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட திடக் கட்டி எதையும் அல்ட்ராசவுண்டை மட்டும் வைத்துத் தீங்கற்றது என்று எழுதக் கூடாது. அது நேராகக் கான்ட்ராஸ்ட் சி.டி.க்கோ எம்.ஆர்.ஐ.க்கோ போக வேண்டும். புற்றுநோய் வரலாறு உள்ளவருக்கும் அதே விதி. இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் ஆரோக்கியமான கல்லீரலில், தற்செயலாகக் கிடைத்த கட்டியைப் பற்றியது.

கட்டி கிடைத்ததும்

ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் நிறுத்தி மூன்று அளவுகளையும் எடுங்கள். கூய்னோ வகுத்த எட்டுப் பிரிவுகளில் எது என்பதைச் சிரைகளை வைத்துக் குறியுங்கள். கல்லீரல் சிரைகள் பிரிவுகளுக்கு இடையே ஓடும். குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் கிளைகள் பிரிவுக்குள்ளே ஓடும்.

அடுத்து, அது கட்டிதானா என்று பாருங்கள். பித்தப்பைக்கு அருகில், போர்ட்டல் வாயிலுக்கு முன்னால், ஃபால்சிஃபார்ம் லிகமென்ட் ஓரத்தில் கொழுப்பு தனியாகச் சேர்வதும், கொழுப்புக் கல்லீரலில் அந்த இடம் மட்டும் கொழுப்பில்லாமல் தப்புவதும் சாதாரணம். அதன் விளிம்பு உருண்டையாக இல்லாமல் வரைபடத்தின் எல்லைக்கோடு போலக் கோணலாக இருக்கும். இரத்தக் குழாய் அதன் ஊடே வளையாமல், நெளியாமல் நேராகப் போகும். குழாயைத் தள்ளினால்தான் கட்டி.

மூன்றாவது, ஒலி அதைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்பது. பழகுபவர்கள் கட்டியையே உற்றுப் பார்ப்பார்கள். அதன் பின்னால் பாருங்கள். பின்புறம் வெளுத்தால் திரவம் அல்லது தளர்ந்த திசு. நிழல் விழுந்தால் கால்சியம். சுருங்கிக்கொண்டே இறங்கும் வெள்ளை வால் தெரிந்தால் பித்தநாள ஹமார்ட்டோமா நினைவுக்கு வர வேண்டும். கட்டிக்குப் பின்னால் உதரவிதானக் கோடு உடைந்து கீழே இறங்கித் தெரிந்தால் கொழுப்பு.

கடைசியாக டாப்ளர். இயந்திரம் திறக்கும் அமைப்பில் அப்படியே விட்டால் சிறு கட்டியின் மெதுவான ஓட்டம் தெரியவே தெரியாது. வேக அளவுகோலை நொடிக்கு 5 முதல் 10 செ.மீ.க்குக் குறையுங்கள். சுவர் வடிகட்டியைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். வண்ணப் பெட்டியைக் கட்டியைவிடச் சற்றுப் பெரிதாக மட்டும் வையுங்கள். வண்ண கெயினைப் புள்ளிகள் தெறிக்கும்வரை ஏற்றி, அவை மறையும் இடத்துக்கு இறக்குங்கள். இடது மடலில் இதயத் துடிப்பால் வண்ணம் பளிச்சிடும். அதை ஓட்டம் என்று எண்ணிவிடாமல், மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி மறுபடி பாருங்கள்.

கொழுப்புள்ள கட்டிகள்

ஆஞ்சியோமயோலைப்போமாவையும் லைப்போமாவையும் ஹீமாஞ்சியோமா என்று எழுதுவது மிகச் சாதாரணமான பிழை. மூன்றுமே பளிச்சென்று வெளுத்து, எல்லை தெளிவாக இருக்கும். இவற்றைப் பிரிக்க எளிய இயற்பியல் ஒன்று உதவும். உடல் திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று இயந்திரம் வைத்துக்கொள்கிறது. கொழுப்பில் அது ஏறக்குறைய 1450 மீட்டர்தான். எதிரொலி தாமதமாக வருவதால், பின்னாலுள்ளதை இயந்திரம் உண்மையைவிட ஆழத்தில் வரைகிறது. 3 செ.மீ. தடிமன் முழுக்கக் கொழுப்பு என்றால் விலகல் ஏறக்குறைய 2 மி.மீ. கட்டி உதரவிதானத்துக்கு அருகில் இருந்தால், அந்த வெள்ளைக் கோடு கட்டிக்கு நேர் பின்னால் மட்டும் ஒரு படி இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். படத்தைப் பெரிதாக்கி, உறையவைத்துத் தேடுங்கள். ஹீமாஞ்சியோமா இதைச் செய்யாது.

ஆனால் படி தெரியவில்லை என்பதற்காக ஆஞ்சியோமயோலைப்போமாவை விலக்க முடியாது. அதில் கொழுப்பு, வழவழப்புத் தசை, தடித்த சுவருள்ள குழாய்கள் மூன்றும் கலந்திருக்கும். கொழுப்பின் பங்கு கட்டிக்குக் கட்டி பெருமளவு மாறும். கொழுப்பு குறைந்ததில் டாப்ளரில் உள்ளே தாராளமான தமனி ஓட்டம் தெரியும். ஹீமாஞ்சியோமாவுக்குள் சாதாரண டாப்ளரில் ஏறக்குறைய எதுவும் தெரியாது. ஆகவே, ‘வெள்ளைக் கட்டி, உள்ளே நல்ல ஓட்டம்’ என்றால் ஹீமாஞ்சியோமா என்று எழுதும் கையை நிறுத்துங்கள். கொழுப்புள்ள அடினோமாவும், கொழுப்பு சேர்ந்த கல்லீரல் புற்றுநோயும் இதே தோற்றத்தில் வரலாம் என்பதால் அடுத்தது எம்.ஆர்.ஐ.

பித்தநாள ஹமார்ட்டோமா

சுவிட்சர்லாந்து நோயியலாளர் ஃபான் மேயன்பர்க் 1918-ல் விவரித்ததால் அவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. கரு வளரும்போது பித்தநாளங்கள் சரியாக அமையாமல் எஞ்சிய சிறு கொத்துகள் இவை. தீங்கு இல்லை. ஆனாலும் நோயாளிக்கு மிகுந்த அச்சத்தைக் கொடுப்பவற்றில் இதுவும் ஒன்று. இரண்டு மடல்களிலும் டஜன் கணக்கில் சிறு புள்ளிகள் தெரிவதால் ‘பரவிய புற்றுநோய்’ என்று அறிக்கை போய்விடும்.

பெரும்பாலானவை 1 செ.மீ.க்கும் குறைவு. சில கறுப்பு, சில வெளுப்பு, சில தெளிவான திரவம். கல்லீரல் முழுவதுமே சொரசொரப்பாக, சிரோசிஸ் போலத் தெரிவதும் உண்டு. வளைந்த புரோபில் இது புரியாது. லீனியர் புரோபை எடுத்து, உறைக்கு அடியில் 3 முதல் 4 செ.மீ. ஆழத்தை மட்டும் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளின் பின்னால் குட்டையான வால்கள் வரிசையாகத் தொங்கும். பித்தப்பைச் சுவரின் அடினோமயோமட்டோசிஸில் பார்த்த அதே வால். வண்ண டாப்ளரை வைத்தால் சில புள்ளிகளில் பல வண்ணங்கள் மினுமினுக்கும். அது இரத்த ஓட்டமல்ல. ஸ்பெக்ட்ரல் டாப்ளரை அங்கே வைத்தால் துடிப்பு இல்லாமல் நேர்கோடுகளாக இரைச்சல் மட்டும் வரும்.

பித்தநாளத்துக்குள் காற்று இருந்தாலும் வால் வரும். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தால் காற்று இடம் மாறும், ஹமார்ட்டோமா மாறாது. உறுதிப்படுத்த எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) நல்லது. அதில் பித்தநாளங்களோடு ஒட்டாத பளிச்சிடும் சிறு திரவப் புள்ளிகள் கல்லீரல் முழுக்கத் தெரியும்.

அடினோமாவும் எஃப்.என்.ஹெச்.சும்

ஃபோகல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா, சுருக்கமாக எஃப்.என்.ஹெச்., அத்தனை அரிதல்ல. அடினோமா அரிது. இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம், இரண்டுமே பெரும்பாலும் இளம் பெண்களிடம், ஆரோக்கியமான கல்லீரலில் வருகின்றன. எஃப்.என்.ஹெச். கண்டால் நோயாளியை அமைதிப்படுத்தி அனுப்பலாம். அடினோமா என்றால் இரத்தம் கசியலாம், சில வகைகள் புற்றாகவும் மாறலாம். ஒன்றை மற்றொன்றாக எழுதுவது சிறு பிழை அல்ல.

எஃப்.என்.ஹெச். கல்லீரலின் அதே நிறத்தில் ஒளிந்திருக்கும். விளிம்பில் ஒரு வீக்கம், இடம் தள்ளப்பட்ட ஒரு சிரை ஆகியவைதான் முதலில் கண்ணில் படும். டாப்ளரில் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போலத் தமனிகள் விரியும். நடுத் தழும்பு சாதாரண அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரியாது. அதைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம்.

அடினோமாவுக்கென்று ஒரே முகம் கிடையாது. கொழுப்புள்ள வகை வெளுப்பு. இரத்தம் கசிந்தது உள்ளே திட்டுத்திட்டாக இருக்கும். ஓட்டம் ஓரத்தில் தொடங்கும். 5 செ.மீ.க்கு மேல் வளர்ந்தது, ஆணிடம் தெரிந்தது, அண்மையில் திடீர் வலி கொடுத்தது ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அறிக்கையில் எழுதி, அனுப்பிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தும் சொல்லுங்கள். ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல்படி, பெண்ணுக்கு முதலில் கருத்தடை மாத்திரையை நிறுத்தி, எடையைக் குறைத்து, ஆறு மாதத்துக்குப் பின் மறுபடி பார்ப்பது வழி. அப்போதும் 5 செ.மீ.க்குக் குறையாதது, வளர்ந்தது இரண்டும் அறுவை சிகிச்சைக்கு உரியவை. ஆணுக்கு அளவு எதுவானாலும் அறுவை சிகிச்சைதான் பரிந்துரை.

திரவம் போலத் தெரிபவை

சிலியா கொண்ட முன்குடல் நீர்க்கட்டிக்கு முகவரி உண்டு: நான்காம் பிரிவு, உறைக்கு நேர் அடியில், ஒற்றை அறை, வழக்கமாக 3 செ.மீ. அளவுள்ள சிறு உருவம். உள்ளே கெட்டியான சளி இருப்பதால் சுத்தக் கறுப்பாக இல்லாமல் மங்கலாக, திடக் கட்டி போலவே இருக்கும். பின்புற வெளுப்பும், டாப்ளரில் உள்ளே ஓட்டம் எதுவும் இல்லாததும்தான் குறிப்பு. அரிதாகப் புற்று தோன்றியதுண்டு என்பதால் பெரியதை விட்டுவைக்காமல் அறுவை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

நடுவயதுப் பெண்ணின் கல்லீரலில், தடித்த சுவரும் தடுப்புச் சுவர்களும் கொண்ட தனி நீர்க்கட்டி தெரிந்தால் மியூசினஸ் நீர்க்கட்டியை நினைக்க வேண்டும். முன்பு பிலியரி சிஸ்ட்அடினோமா என்று அழைக்கப்பட்டது இதுதான். இது புற்றாக மாறக்கூடியது. ‘சாதாரண நீர்க்கட்டி’ என்று எழுதிவிட வேண்டாம். சாதாரண நீர்க்கட்டிக்குத் தடுப்புச் சுவருக்குள் வண்ண ஓட்டம் வராது, உள்ளே சதை மேடு இருக்காது.

இந்த வரிசையில் ஹைடாட்டிட் நீர்க்கட்டி கட்டி அல்ல, ஒட்டுண்ணி நோய். ஆனாலும் விலக்காமல் விட முடியாது. இரட்டைக் கோடாகத் தெரியும் சுவர், நோயாளியைப் புரட்டினால் பனி விழுவது போல மிதக்கும் துகள்கள், தேனடை போன்ற குட்டி அறைகள், கழன்று மிதக்கும் உள்சவ்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஊசியை எடுக்காதீர்கள். திரவம் கசிந்தால் கடும் ஒவ்வாமை வரலாம், நோயும் வயிற்றுக்குள் பரவும்.

சுருக்கமாக மற்றவை

பெலியோசிஸ் என்பது கல்லீரலுக்குள் இரத்தம் தேங்கிய குழிகள். ஸ்டீராய்டு, எச்.ஐ.வி. உள்ளவரிடம் பார்ட்டோனெல்லா தொற்று ஆகியவை காரணங்களில் சில. தோற்றம் எதுவாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் பயாப்சி ஊசிக்கு முன் கட்டாயம் சொல்லிவிடுங்கள், இரத்தப்போக்கு ஆபத்தாகும். அழற்சிப் போலிக்கட்டி காய்ச்சலோடும் எடைக்குறைவோடும் வந்து, பித்தநாளப் புற்றுநோய் போலவே தெரியும். படத்தால் பிரிக்க முடியாது, பயாப்சிதான் தீர்ப்பு.

குழந்தைகள் வேறு உலகம். தோலில் ஐந்து அல்லது அதற்கு மேல் ஹீமாஞ்சியோமா உள்ள கைக்குழந்தைக்குக் கல்லீரலையும் ஸ்கேன் செய்ய வேண்டும். கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தால் இதயம் தளரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பல அறைகள் கொண்ட பெரிய கட்டி என்றால் மெசன்கைமல் ஹமார்ட்டோமா. இரத்தத்தில் ஏ.எஃப்.பி. (சில புற்றுநோய்களில் உயரும் புரதம்) அளவு சற்று உயர்ந்திருக்கலாம் என்பதால் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

நுண்குமிழ் கான்ட்ராஸ்ட்

சாதாரண அல்ட்ராசவுண்ட் நின்றுவிடும் இடத்தில் இது கை கொடுக்கும். சோனோவ்யூ என்ற மருந்தில் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு நிரம்பிய குமிழ்கள் இருக்கும். அவை இரத்தக் குழாயை விட்டு வெளியேறாது, வாயு நுரையீரல் வழியே போய்விடும், சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. தூளோடு 5 மி.லி. உப்புநீர் சேர்த்து 20 நொடி பலமாகக் குலுக்குங்கள். கலந்தது ஆறு மணி நேரம் தாங்கும், ஆனால் குமிழ்கள் மேலே மிதக்கும் என்பதால் ஒவ்வொரு முறை எடுக்கும் முன்னும் மறுபடி குலுக்க வேண்டும். 20 கேஜ் அல்லது அதைவிடப் பெரிய கானுலா வழியே 1 முதல் 2.4 மி.லி. செலுத்தி, உடனே 5 முதல் 10 மி.லி. உப்புநீர் விடுங்கள். சிறிய கானுலாவில் அழுத்தித் தள்ளினால் குமிழ்கள் உடைந்து, கான்ட்ராஸ்ட் வேலை செய்யவில்லை என்று தோன்றும். ஒவ்வாமை மிக அரிது. ஆனால் அவசர மருந்துத் தட்டு அறையிலேயே இருக்க வேண்டும்.

ஒலியின் வலிமையைக் காட்டும் மெக்கானிக்கல் இண்டெக்ஸை 0.1 அளவில் வையுங்கள். உப்புநீர் போகும் கணத்தில் கடிகாரத்தை ஓடவிட்டு, முதல் 60 நொடி புரோபை அசைக்காமல் முழுவதும் பதிவு செய்யுங்கள். பிறகு இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையும் சில நொடி மட்டும் பாருங்கள். தொடர்ந்து ஒலி பாய்ச்சினால் குமிழ்கள் உடைந்து, கட்டி கறுத்துவிட்டது போலப் போலித் தோற்றம் வரும். தீங்கற்றதைப் புற்று என்று எழுதவைக்கும் பிழைகளில் இது முதன்மையானது.

தமனிக் கட்டம் ஏறக்குறைய 10 முதல் 45 நொடி. எஃப்.என்.ஹெச். நடுவிலிருந்து வெளிநோக்கிச் சில நொடிகளில் நிறைந்துவிடும். அதனால் படத்தை ஒவ்வொரு ஃப்ரேமாக ஓட்டிப் பாருங்கள், சாதாரண வேகத்தில் தவறிப்போகும். ஹீமாஞ்சியோமா ஓரத்தில் திட்டுத்திட்டாகத் தொடங்கி மெதுவாக உள்ளே வரும். அடினோமா ஓரத்திலிருந்தோ முழுவதுமாகவோ ஒரேயடியாக நிறையும். பிறகு 2 நிமிடத்துக்கு மேலான பிந்திய கட்டத்தில் என்ன ஆகிறது என்பதுதான் தீர்மானிக்கும். கல்லீரலோடு சமமாகவோ அதைவிட வெளுப்பாகவோ நின்றால் தீங்கற்றதற்கான சான்று. முதல் நிமிடத்துக்குள்ளேயே நன்றாகக் கறுத்தால் பிற உறுப்பிலிருந்து பரவிய புற்றை நினைக்க வேண்டும். சில அடினோமாக்களும் ஆஞ்சியோமயோலைப்போமாக்களும் அழற்சிப் போலிக்கட்டிகளும்கூடக் கறுக்கும். கறுத்தது எதையும் தீங்கற்றது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், எம்.ஆர்.ஐ.யும் தேவைப்பட்டால் பயாப்சியும் முடிவு செய்யட்டும்.

அறிக்கை

பார்த்ததை முதலில், பெயரைக் கடைசியில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: ‘நான்காம் பிரிவில், உறைக்கு அடியில், 22 × 18 × 17 மி.மீ., ஒற்றை அறை, மங்கலான உள்ளடக்கம், பின்புற வெளுப்பு உண்டு, உள்ளே ஓட்டம் இல்லை. மற்றபடி கல்லீரல் இயல்பு. முன்குடல் நீர்க்கட்டியாக இருக்க வாய்ப்பு. உறுதிப்படுத்த எம்.ஆர்.ஐ.’ இதைப் படிக்கும் மருத்துவருக்கு நீங்கள் எதைக் கண்டீர்கள், எதை ஊகித்தீர்கள் என்பது தனித்தனியாகப் புரியும். ‘புற்றுநோயை விலக்க முடியாது’ என்று மொட்டையாக எழுதிவிட்டு நிறுத்துவது நோயாளியின் உறக்கத்தைக் கெடுக்குமே தவிர, அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் சொல்லாது.

படங்களைச் சேமிக்கும்போது கட்டியோடு அருகிலுள்ள ஒரு சிரையும் தெரியும்படி குறைந்தது ஒரு படமாவது வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஸ்கேன் செய்பவர் வேறொருவராக இருக்கலாம். அவர் அதே சிரையைத் தேடிப் பிடித்து, அதே தளத்தில் அளந்தால்தான் 2 மி.மீ. வித்தியாசம் வளர்ச்சியா, புரோப் சாய்ந்ததா என்று தெரியும்.